இத்தனை புகைக்கு நடுவில் என் சைலன்சர் எம்மாத்திரம்?

வடசென்னையில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தைக் குழாயை மாட்டியவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது. எண்ணூரில் சாம்பல், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். இத்தனை புகைக்கும் இரைச்சலுக்கும் நடுவில் என் ஒரு வண்டி எம்மாத்திரம்? மாட்டாதவர்களும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். வயசுப் பையன், சொந்தக் காசு, சொந்த வண்டி, போகட்டும் என்று பெற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். பெரிய ஆலைகளை எதிர்த்துப் பேசுகிறவர்கள்கூட இதைப் பேசத் தகாத சின்ன விஷயமாக ஒதுக்குகிறார்கள். இந்தக் கருத்து கணக்கில் தவறு, இயந்திரவியலில் தவறு. எல்லாவற்றையும்விட, ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையை இன்றைய கதிக்கு ஆளாக்கிய வாதமும் இதுவேதான்.

எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்வோம். அவர்கள் சொல்வதில் முதலாவது, கைத்திறன். எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்பும் வளர்ந்த பகுதி இது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. தன் வண்டியைத் தானே கழற்றி மாட்டுவதில் ஒருவர் பெருமைப்பட்டால் அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இரண்டாவது, தேவை. கடலோரத்தில் சைலன்சர் நிலைப்பதில்லை. உப்புக்காற்று வெளியிலிருந்து தின்கிறது. உள்ளிருந்தும் துரு ஏறுகிறது. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. குழாய் நன்றாகச் சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால் அந்த ஆவி சத்தத்தை அடக்கும் மஃப்ளருக்குள்ளேயே நீராகிக் கிடக்கும். காசிமேட்டிலிருந்து கல்மண்டபம், கல்மண்டபத்திலிருந்து தண்டையார்பேட்டை என்று துண்டு துண்டாக ஓடும் வண்டிகளில் இந்த நீர் வற்றுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. மஃப்ளரின் அடியில் நீர் வடிவதற்கென்று சிறு துளை ஒன்று இருக்கும். அதைச் சுற்றியுள்ள தகடுதான் பெரும்பாலும் முதலில் பொடிந்து உதிரும். கம்பெனி உதிரிபாகத்தின் விலையோ கையைக் கடிக்கிறது. புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தையில் அதைவிட மலிவாகக் குழாய் கிடைக்கும்போது வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை வாசலில் மாட்டிக்கொள்வது இயல்பு. இதற்கு மேல், பவர் கூடும், சத்தம் இருந்தால் லாரிக்காரன் ஒதுங்குவான், பி.யு.சி. புகைச் சான்று கையில் இருக்கிறது, லாரியை விட்டுவிட்டு எங்களை மட்டும் போலீஸ் பிடிக்கிறது என்றும் சொல்கிறார்கள்.

கைத்திறனையும் தேவையையும் நான் மறுக்கவில்லை. துருப்பிடித்த மஃப்ளரைக் கழற்றி, அதே வகை மஃப்ளரைப் புது கேஸ்கெட்டோடு வீட்டிலேயே மாட்டுகிறவர் தனக்கும் தெருவுக்கும் நல்லதே செய்கிறார். ஓட்டை மஃப்ளரோடு ஓட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். என் மறுப்பு, பழுது பார்க்கிறோம் என்ற பெயரில் சத்தக்குழாய் மாட்டுவதையும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்தெடுத்துவிட்டு வெறும் பைப்பை வைத்து வெல்டிங் அடிப்பதையும் பற்றியது.

1. ஒரு வண்டி என்பது ஒரு வண்டிதானா? ஒலியின் அளவுகோலில் பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். இருபது கூடினால் நூறு மடங்கு. பயணிகள் கார்களுக்கு இந்தியாவில் தயாரிப்பு நிலையில் வைத்திருக்கும் வரம்பு 74 டெசிபல். 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு 80. உள்ளே இருந்த தடுப்புகளைக் குடைந்தெடுத்த ஒரு கார் 94 டெசிபல் எழுப்பினால், வரம்புக்குட்பட்ட நூறு கார்கள் ஒரே நேரத்தில் அந்த இடத்தைக் கடக்கும் ஒலி ஆற்றலை அது ஒன்றே வெளியிடுகிறது. புகையிலும் இதே கதைதான். நல்ல நிலையில் சூடேறிய கன்வெர்ட்டர், எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடிலும் ஹைட்ரோகார்பனிலும் நைட்ரஜன் ஆக்சைடுகளிலும் பத்தில் ஒன்பது பங்கை மாற்றிவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், அதைக் கழற்றிய கார் பத்து கார்களுக்குச் சமம். தெருவுக்கு இரண்டு பேர் இப்படிச் செய்தால் இருபது கார்களை அந்தத் தெருவுக்குள் கொண்டுவந்து விட்டதாக அர்த்தம். எம்மாத்திரம் என்று கேட்கிறவர்கள் ஒருமையில் எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது நூறிலும் பத்திலும்.

கன்வெர்ட்டரை நான் தொடவில்லை, பின்னால் இருக்கும் மஃப்ளரை மட்டும்தான் மாற்றினேன் என்பவரைப் புகைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிடலாம். சத்தத்திலிருந்து விடுவிக்க முடியாது. கன்வெர்ட்டரைக் கழற்றியவர் எதைக் கழற்றியிருக்கிறார் என்பதையும் ஒருமுறை பார்க்கலாம். தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் நுண்துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பாகம் அது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது. ஈயம் அதைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயம் இல்லாத பெட்ரோலும் அதனோடு சேர்ந்தே வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை வரம்பு நடைமுறைக்கு வந்தபோது எரிபொருளில் கந்தகத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்ததற்கு ஒரு காரணம், இந்தப் பாகம் உழைத்து நிற்க வேண்டும் என்பது. நாடு முழுக்க எரிபொருளையே மாற்றினார்கள். மணலி ஆலையும் இன்று அந்தப் பெட்ரோலைத்தான் வடிக்கிறது. அதன் பயன் மணலிக்குக் கீழே ஒரு தெருவில் அரை மணி நேர வெல்டிங்கில் போய்விடுகிறது.

2. பெரிய புகைக்கு நடுவில் சின்னப் புகை மறைந்துவிடுமா? மறையாது, சேரும். அடுத்த பங்கு விழுவது ஏற்கெனவே சுமை ஏறிய நெஞ்சில். தூரமும் ஒரு கணக்கு. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி பல பத்து மாடி உயரத்தில் இருக்கிறது. அதன் புகை பரந்து நீர்த்து இறங்குகிறது. அது நல்லது என்று நான் சொல்லவில்லை, நீர்த்து வந்தும் கெடுக்கிறது. காரின் புகைக்குழாயோ தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், தெருவில் ஓடும் குழந்தையின் முகத்துக்கு அருகில் இருக்கிறது. பழைய ராயபுரத்துச் சந்துகளில் வாசற்படிக்கும் வண்டிக்கும் இடையே பல இடங்களில் ஓராள் அகலம்கூட இல்லை. காலையில் எஞ்சினைச் சூடேற்றுகிறேன் என்று உறுமவிடும் ஐந்து நிமிடத்தில் வெளியேறுவது மணலி வரை போவதில்லை, எதிர்வீட்டு அடுப்பங்கரைக்குப் போகிறது.

இரைச்சலில் இந்தச் சமாதானம் இன்னும் பலவீனமானது. லாரிகளின் இரைச்சல் தொடர்ச்சியானது. கெடுதல்தான் என்றாலும் உறங்குகிறவரின் காது ஓரளவு அதற்குப் பழகுகிறது. தூக்கத்தைக் கிழிப்பது சராசரி இரைச்சல் அல்ல, அதற்கு மேலே திடீரென எழும் உச்சம். சத்தக்குழாய் தருவது அந்த உச்சத்தைத்தான். இரவில் அல்ல, பகலில்தானே ஓட்டுகிறேன் என்பது இந்த ஊரில் பொருந்தாத பதில். துறைமுகத்திலும் ஆலைகளிலும் இரவு ஷிப்டு முடித்தவர்கள் உறங்குவது பகலில். விடியலுக்கு முன் காசிமேட்டிலிருந்து படகெடுக்கும் தொழிலாளிக்கு மாலை ஏழு மணியே நடுநிசி. ஊருக்கே பொதுவான உறக்க நேரம் என்று ஒன்று இங்கு கிடையாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரையறுத்தன. மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டருக்கு அமைதி மண்டலம், அங்கே 50, 40. ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகள் உறங்குகின்றன. அந்தச் சாலையில் ஆக்சிலேட்டரை முறுக்குகிறவர், பக்கத்தில் லாரி போகிறதே என்று எப்படிச் சமாதானம் சொல்ல முடியும்?

3. பவர் எங்கே கூடுகிறது? புகை வெளியேறத் தடை குறைந்தால் எஞ்சின் இலேசாக மூச்சுவிடும் என்பது பந்தயக் களத்தில் உண்மை. அங்கே எஞ்சின் எப்போதும் உச்சச் சுழற்சியில் இருக்கிறது. காற்று நுழையும் வழி, கேம், எரிபொருள் கணக்கு எல்லாமே அதற்கேற்ப மாற்றப்பட்டிருக்கும். 1.2 லிட்டர் குடும்பக் கார் எஞ்சின் தருவது ஏறத்தாழ எண்பது, தொண்ணூறு குதிரைத்திறன். அதில் கடைசிக் குழாயை மட்டும் மாற்றிக் கிடைக்கும் ஆதாயம் ஓட்டுகிறவர் உணர முடியாத அளவு. போதாக்குறைக்கு, பெரிய விட்டமுள்ள குழாய் வைத்தால் குறைந்த சுழற்சியில் புகையின் வேகம் தளர்கிறது; சிலிண்டரிலிருந்து எரிந்த வாயுவை இழுத்து வெளியேற்றும் விசை குறைகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஊர்கிற வண்டிக்குத் தேவையான இழுவை அந்தக் குறைந்த சுழற்சியில்தான் இருக்கிறது. இருப்பதை விற்று, வாழ்நாளில் தொடாத 6,000 சுழற்சிக்கு வாங்குகிறார்கள். பவர் கூடியதாகத் தோன்றுவதற்குக் காரணம் காது. சத்தம் பெரிதானால் வேகமும் பெரிதாகத் தெரியும்.

கன்வெர்ட்டரைக் கழற்றினால் இன்னொரு சிக்கல். அதற்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கின்றன. முன்னது சொல்வதை வைத்து எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதத்தை நொடிக்கு நொடி திருத்துகிறது. பின்னது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. கழற்றியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அதை அணைக்க ஸ்பேசர் வைத்து சென்சாரை ஏமாற்றுகிறார்கள். அதன்பின் அந்த விளக்கு உண்மையான கோளாறையும் காட்டாமல் போகலாம்.

4. சத்தம் உயிரைக் காக்கிறதா? கன்டெய்னர் லாரிகளோடு சாலையைப் பகிர்கிறவரின் அச்சம் நியாயமானது. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் சக்கரத்தடியில் போன உயிர்கள் கொஞ்சமல்ல. ஆனால் புகைக்குழாயின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. ஆபத்து இருப்பது முன்னும் பக்கவாட்டிலும். டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது அதன் மறைவுப் பகுதியில் சிக்குவதுதான் கொல்கிறது. ஓட்டுநரோ உயரத்தில், கண்ணாடி ஏற்றிய கேபினில், தன் எஞ்சினின் இரைச்சலுக்குள் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் உறுமல் அவரை எட்டும்போது நீங்கள் அவரைக் கடந்திருப்பீர்கள். அதை முழுதாகக் கேட்பவர்கள் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களும் நடைபாதையில் நிற்கிறவர்களும்தான், அவர்களால் உங்களுக்கு ஆபத்தில்லை. அதோடு, சத்தக்குழாய் பக்கத்தில் வரும் மற்றவரின் ஹாரனை மூழ்கடிக்கிறது. தன் பாதுகாப்புக்கென்று சொல்லி அடுத்தவரின் எச்சரிக்கையைப் பறிக்கிற கருவிக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது.

திருவொற்றியூர்க்காரர்கள் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வாதத்தையும் வைப்பதுண்டு. என்ஃபீல்டு புல்லட்டின் சத்தம் எங்கள் ஊரின் சொத்து. 1955 முதல் இங்கே செய்த வண்டி. அதன் தட்டல் ஓசையைக் கூட்டினால் என்ன தப்பு என்பது. ஆனால் ஆலைவாசலிலிருந்து ஓடி வந்த ஒவ்வொரு புல்லட்டும் சைலன்சரோடுதான் வந்தது. அந்தத் தாளம் ஒற்றைச் சிலிண்டரும் நீண்ட பிஸ்டன் ஓட்டமும் குறைந்த சுழற்சியும் சேர்ந்து பிறந்தது. அடிகளுக்கிடையே விழும் இடைவெளிதான் அதன் அழகு. குழாயைக் குடைந்தால் அந்த இடைவெளி வெடிச்சத்தத்தில் அடைபட்டுப் போகிறது. ஊரின் சொத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர் கம்பெனி சைலன்சரைக் காப்பாற்ற வேண்டும்.

5. வீட்டு வாசலில் மாட்டும்போது யாருக்கு ஆபத்து? ஸ்டெப்னி மாற்றக் கொடுத்த ஜாக்கி மேல் காரைத் தூக்கிவிட்டு அடியில் படுத்துக்கொள்வதை இந்தத் தெருக்களில் தினமும் பார்க்கலாம். அந்த ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டுமே. மணல் பரப்பிலோ சரிவான சிமென்ட் வாசலிலோ, துருவேறிய நட்டை ஓங்கி உதைத்துத் திருப்பும்போது அது சாயும். ஒரு டன் எடை நெஞ்சில் இறங்கும். இரும்பு ஸ்டாண்டு கொடுக்காமல் காருக்கடியில் நுழையவே கூடாது. இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஃபிளாஞ்சுகள் சரியாகப் பொருந்தாமல், பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைத்து முடுக்கினால், இணைப்பில் கசிவு இருக்கும். கசிவில் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. கன்வெர்ட்டரும் இல்லாத வண்டியில் அதன் செறிவு பல மடங்கு. ஓடும் வண்டியில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி. போட்டு, அரை மணி நேரம் அசையாமல் நிற்கும் வண்டியில் அது தரைத் தகட்டின் ஓட்டைகள் வழியே உள்ளே ஏறும். இந்தப் பக்கத்துக் கார்களின் தரைத் தகட்டிலும் உப்புத்துரு வேலை செய்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். முன்னால் இருப்பவர்கள், பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

6. சான்றிதழ் இருந்தால் போதுமா? பெட்ரோல் வண்டிக்குத் தரும் பி.யு.சி. சோதனை, நிற்கும் வண்டியில் முக்கியமாகக் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பதில்லை, ஒலியை அளப்பதே இல்லை. எனவே அந்தத் தாள் சத்தக்குழாய்க்குச் சாட்சி சொல்ல முடியாது. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம். ஒலி, காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால் 10,000 வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் உரிமம் இழப்பு. துருவேறிய மஃப்ளருக்குப் பதில் அதே தரத்தில் இன்னொன்றை மாட்டுகிறவரை இது எதுவும் தொடாது.

7. லாரியை விட்டுவிட்டு எங்களை ஏன் பிடிக்கிறார்கள்? எதிர்த்தரப்பின் மிக வலுவான கேள்வி இதுதான், இதில் பாதி நியாயம். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் வைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலைகளும் படகுகளும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உர ஆலையின் அம்மோனியாக் குழாய் கசிந்து, பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் மக்கள் மூச்சுத்திணறி வீதிக்கு ஓடி வந்தார்கள். இவ்வளவுக்கும் பொறுப்பேற்க வைப்பது கடினம், சைலன்சர் மாட்டிய பையனைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவது எளிது. இந்த ஏற்றத்தாழ்வு அநியாயம்.

ஆனால் அந்த அநியாயத்தை எதிர்த்து எண்ணூர் மக்கள் வைத்த வாதம் என்ன? அடுத்தவர் கழிவை எங்கள் நெஞ்சில் ஏற்றாதே என்பது. ஆலைகளின் தரப்பு என்ன? நாங்கள் மட்டுமா, இத்தனை ஆலைகளில் எங்கள் பங்கு கொஞ்சம்தானே என்பது. ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாக அனுமதிக்கு வந்தது. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அளவுக்குள் என்று காட்ட முடிந்தது. அனல்மின் நிலையங்களும் நிலக்கரி இறக்கும் துறைமுகமும் பெட்ரோ ரசாயன ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் ஒன்றின் நிழலில் ஒன்று வந்து சேர்ந்தது அப்படித்தான். ஏற்கெனவே கெட்ட இடம், இன்னும் ஒன்றால் என்ன என்ற வாதம் இங்கு முதலில் கேட்டது ஆலைகளின் தரப்பிலிருந்து. சத்தக்குழாய்க்காரர் கையில் வைத்திருப்பது அதே வாதம், அளவுதான் சிறியது. அவருடைய புகைக்கு அது பொருந்தும் என்றால் ஆலையின் புகைக்கும் பொருந்தும். ஆலைக்குப் பொருந்தாது என்றால் அவருக்கும் பொருந்தாது. நடுவில் ஒரு இடம் இல்லை. கழிமுகத்துக்காகக் கோஷம் போட்டுவிட்டு, கன்வெர்ட்டர் இல்லாத வண்டியில் வீடு திரும்புகிறவரின் கோரிக்கையை எதிராளி அவருடைய வண்டியைக் காட்டியே மடக்கிவிட முடியும்.

போலீஸ் ஒருதலையாக நடக்கிறது என்பதற்கு மருந்து, எல்லோரையும் விட்டுவிடுவது அல்ல. இந்திய நகரங்கள் பலவற்றில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் பரப்பி ரோடு ரோலர் ஏற்றிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதை விற்ற கடை மறுநாள் அதே குழாயைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிடுகிறது. கேட்க வேண்டியவை வேறு. எஃப்.சி. தகுதிச் சோதனையிலும் பி.யு.சி. சோதனையிலும் ஒலிமானியால் அளக்க வேண்டும், லாரிக்கும் காருக்கும் ஒரே கண்டிப்போடு. துறைமுகத்துக்கு வெளியே எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் நிற்கும் டிரெய்லர்களுக்கு நிறுத்துமிடம் வேண்டும். சாலைக்கு ஒவ்வாத குழாயை விற்பவரிடமும் வெல்டிங் அடித்தவரிடமும் முதல் அபராதம் வசூலிக்க வேண்டும். கடலோரத் துருவைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகு மஃப்ளர், அதே ஒலி அளவில், கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். அது கிடைத்தால் புதுப்பேட்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குச் சத்தக்குழாய் வாங்கும் காரணமே இருக்காது. மீதிப் பாதிக்குக் காரணம் சத்தத்தின் மேல் உள்ள ஆசை மட்டும்தான். அந்த ஆசைக்கு எதிர்வீட்டுக்காரரின் உறக்கத்தைக் கேட்கும் உரிமை எப்படி வந்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். இதுவரை அவர்கள் சொன்னது, லாரியைப் பார் என்பது மட்டுமே.